ஆளுநரின் வண்டி கடக்கும்வரை

தாராவி தொண்ணூறடி ரோட்டைப்
பத்தரைக்கே அடைத்துவிட்டார்கள்.
விசிலை வாயில் வைத்த ஹவல்தார்
கயிற்றுக்குப் பின்னால் என்னைத் தள்ளினான்.
இந்த அம்மாளுக்கு ஏழு தேர்தல்
நூற்றுப்பதினாலாம் பூத்தில் உட்கார்ந்தவன் நான் என்றேன்.
மராத்தியில்தான் சொன்னேன்.
கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான்.

சொர்ணபாய்.
எங்கள் திருநெல்வேலிப் பக்கம்
நாலு வீட்டுக்கு ஒரு ஞானபாய், ஒரு ராசபாய் உண்டு.
இங்கே வந்த வாரமே
லேபர் கேம்ப் மராத்திக்காரிகள்
அவளைத் தங்கள் ஊர் பாய் என்று எடுத்துக்கொண்டார்கள்.
பள்ளிவாசல் சந்தில் பாய் என்றால் வேறு கணக்கு.
மூன்று பக்கமும் ஓட்டு விழுகிற பெயரை
அவளப்பன் தெரியாமல் வைத்திருந்தான்.
விரிக்கிற பாய் மட்டும் வீட்டில் ஒன்றுதான்.
அதில் ஐந்து பேர்.

வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது
நிற்கக் காத்திருந்தது அவள் புருஷன் தேவசகாயம்.
வேறு வழியில்லாமல் அவளை நிறுத்தினான்.
போஸ்டரில் அவன் முகம் ஆளுயரம்,
அவள் முகம் தீப்பெட்டிப் படம்.
ஜெயித்த மறுவாரம்
மாநகராட்சிக் கூட்டத்துக்கு அவன் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தான்.
“நீங்க எங்க?” என்று கேட்டாள்.
அதுதான் அவளுடைய முதல் அரசியல் உரை.

அப்புறம் குழாய்ச் சண்டை.
இதே திருப்பத்தில்தான் டேங்கரை மறித்தாள்,
முந்நூறு வெறுங்குடம் ரோட்டில் கவிழ,
சயான் வரைக்கும் பஸ் நின்றது.
பதினோரு நாள் உள்ளே இருந்து வந்தவளை
சட்டசபைக்கு அனுப்பினோம்.

அங்கே ஆளுநர் உரை.
“எனது அரசு அனைவருக்கும் குடிநீர் வழங்கியுள்ளது”
என்று படித்தார் வெள்ளைத்தலை ஒருவர்.
அக்கா எழுந்து
அச்சுத்தாளை நாலாகக் கிழித்துப் பறக்கவிட்டாள்.
மார்ஷல்கள் தூக்கிவந்து வாசலில் விட்டதும்
சேலையை உதறியபடி சொன்னாள்:
“பாவம்டா கிழவர். எழுதிக் குடுத்ததப் படிக்காரு.
கண்ணாடி கூட சரியில்ல.”

பிறகு தோல்வி. இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு.
அடுத்தது ஆறாயிரம்.
அதற்கடுத்து டிக்கெட்டே இல்லை.
மேடையில் முதல் வரிசை நாற்காலி
மூன்றாம் வரிசைக்குப் போய்
மைக்செட்காரனுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

டெல்லியிலிருந்து போன் வந்தபோது
ரேஷன்கடை வரிசையில்
இரண்டு பெண்களை விலக்கிவிட்டுக்கொண்டிருந்தாள்.
எந்த மாநிலம் என்று கேட்டேன்.
மலை, மூங்கில், வருஷமெல்லாம் மழை என்றாள்.
“அங்கே எனக்கு என்ன வேலை?”
சிரிக்கத் தொடங்கி
பாதியில் விட்டுவிட்டாள்.

போன மாசியில் டிவியில் பார்த்தேன்.
“எனது அரசு...” என்று படித்துக்கொண்டிருந்தாள்,
புதுக் கண்ணாடி.
எதிர்வரிசையில் சின்னப்பெண் ஒருத்தி
எழுந்து தாளைக் கிழித்தாள்.
அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.
சட்டென்று கேமரா கூரைக்குப் போய்விட்டது.
அந்த மூன்று விநாடியை
என் மகன் போனில் எடுத்துத் தந்தான்.
எத்தனை தடவை ஓட்டினாலும்
அந்த முகத்தில் என்ன இருந்தது என்று
உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இப்போது கயிற்றுக்கு இந்தப் பக்கம்
ஒரு டேங்கரும் நிற்கிறது, எங்களோடு.
அடியில் சொட்டுகிறது.
பச்சைத் துப்பட்டாக்காரி ஒருத்தி
சொட்டுக்குக் கீழே பெயிண்ட் டப்பாவை வைத்துவிட்டு
அதற்குக் காவல் உட்கார்ந்திருக்கிறாள்.

வண்டிகள் வந்தன.
திருப்பத்தில் மூன்றாவது வண்டி மெதுவானது.
அங்கே பள்ளமும் உண்டு.
கண்ணாடி இறங்கவில்லை, இறங்காத ரகமாம்.
கறுப்புக்குள் ஒரு கை தூக்கியது மாதிரி இருந்தது,
எனக்கா, டேங்கருக்கா,
தலைமுடியை ஒதுக்கவா.
நானும் கையைத் தூக்கினேன்.
கயிறும் கூட வந்தது.

ஹவல்தார் முடிச்சை அவிழ்க்கும்போது
மணி பன்னிரண்டு.
டேங்கரைச் சுற்றிக் குடங்கள் ஓடின.
பச்சைத் துப்பட்டாக்காரி ஓடவில்லை.
முக்கால் நிறைந்த டப்பாவை
சிந்தாமல் தூக்கிக்கொண்டு
சந்துக்குள் போனாள்.